பதக்கம் யாருடையது? குடியுரிமை பெற்று ஆடும் வீரர்களைப் பற்றி ஓர் அறிமுகம்

2008ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெய்ஜிங் ஒலிம்பிக்கின் மகளிர் மேசைப்பந்துக் குழு இறுதியாட்டத்தில் சீனாவும் சிங்கப்பூரும் மோதின. சிங்கப்பூருக்காக ஆடிய ஃபெங் தியன்வெய், லீ ஜியாவெய், வாங் யுவெகு ஆகிய மூவருமே சீனாவில் பிறந்து, அங்கே ஆட்டம் பழகி, பின்னர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள். ஆகவே அன்று வலையின் இருபுறமும் நின்ற அறுவரும் ஒரே நாட்டில் பிறந்தவர்கள். சீனா எளிதாக வென்றது, சிங்கப்பூருக்கு வெள்ளி கிடைத்தது. 1960இல் ரோம் நகரில் பளுதூக்கும் வீரர் டான் ஹவ் லியாங் பெற்ற வெள்ளிக்குப் பிறகு 48 ஆண்டுகள் கழித்து அந்த நாட்டுக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. மகிழ்ச்சி இருந்தது, ஆனால் காப்பிக்கடை மேசைகளிலும் இணையத்திலும் அதனுடன் ஒரு முணுமுணுப்பும் இருந்தது. இது உண்மையிலேயே நம் பதக்கம்தானா?

இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள, முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு நாட்டின் குடிமகனாகப் பிறக்காமல், பிற்காலத்தில் சட்டப்படி விண்ணப்பித்து அந்த நாட்டின் குடியுரிமையைப் பெறுவதை இயல்புக் குடியுரிமை என்று சட்ட நூல்கள் குறிக்கின்றன. அப்படிப் பெற்று அந்த நாட்டின் கொடியின் கீழ் ஆடுபவரே ‘குடியுரிமை பெற்ற விளையாட்டாளர்’. குடியேறியவர்களின் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவது பலர் செய்யும் பிழை. பிரெஞ்சுக் கால்பந்து வீரர் ஜினெடின் ஜிடேனின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். அவரோ மார்செய் நகரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு யாரும் குடியுரிமை ‘வழங்க’ வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருந்தும் 1996இல் பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென் அந்த அணியைச் செயற்கையான அணி என்று இகழ்ந்தார். சட்டம் ஒருவரைக் குடிமகன் என்று சொல்வதும் ஊர் அவரை நம்மவர் என்று ஏற்பதும் வேறு வேறு செயல்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

சட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வாசலும் இருக்கிறது. அது விளையாட்டுக் கூட்டமைப்புகளின் விதி. கடவுச்சீட்டு கையில் இருப்பதாலேயே ஒருவர் அந்த நாட்டுக்காகக் களமிறங்கிவிட முடியாது. ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஆடியவர் இன்னொரு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் பங்கேற்க வேண்டுமானால், பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்கிறது ஒலிம்பிக் சாசனம். முந்தைய நாடு மனம் ஒப்பினால் அந்தக் காலம் குறையலாம். ரக்பியில் நிலைமை தலைகீழ். அங்கே குடியுரிமையே கட்டாயமில்லை, குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாட்டில் வசித்திருந்தால் போதும்.

இந்த விதிகள் யாரோ அமர்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் கென்யாவின் ஓட்டக்காரர் ஸ்டீஃபன் செரோனோ கத்தார் நாட்டுக்கு மாறி, சைஃப் சயீத் ஷாஹீன் என்ற புதுப் பெயருடன் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் இறங்கி, 3,000 மீட்டர் தடைதாண்டு ஓட்டத்தில் தங்கம் வென்றார். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அவரை அனுமதிக்கக் கென்யா இசையவில்லை. அந்தப் போட்டியில் மூன்று பதக்கங்களையும் கென்யர்களே பெற்றார்கள். அதே 2004இல் பிரேசிலைச் சேர்ந்த சில கால்பந்து வீரர்களைக் கத்தார் அணுகியதாகச் செய்தி பரவியதும், உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா அவசரமாக விதியை இறுக்கியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் வீரர் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. 2008இல் அந்த வசிப்புக் காலத்தை 18 வயதுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் என்று உயர்த்தியது. தடகளச் சம்மேளனம் 2017இல் நாடு மாறுவதையே சிறிது காலம் நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டு கடுமையான விதிகளோடு மீண்டும் திறந்தது. மேசைப்பந்துச் சம்மேளனம் 2008இல், 21 வயதைக் கடந்தவர்கள் நாடு மாறினால் உலகச் சாம்பியன் போட்டிகளில் ஆட முடியாது என்று விதித்தது. சீனாவில் தேசிய அணிக்குள் நுழைய முடியாத, ஆனால் உலகின் வேறெந்த அணியிலும் முதலிடம் பெறத்தக்க ஆட்டக்காரர்கள் ஏராளம் என்பதால், அந்த விளையாட்டில் இந்தச் சிக்கல் மற்றவற்றைவிட முற்றிப்போயிருந்தது.

விதிகளின் கதை இவ்வளவுதான். சுவையான பகுதி, விதி எட்டாத இடமான மக்களின் மனம்.

அதைப் பார்க்கச் சிங்கப்பூரைவிடச் சிறந்த களம் இல்லை என்பது என் எண்ணம். அங்குள்ள பெரும்பாலோரின் முன்னோர்கள் சீனாவிலிருந்தோ, மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்தோ, தமிழகம் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்தோ கப்பலேறி வந்தவர்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ்; தேசிய கீதம் மலாய் மொழியில் பாடப்படுகிறது. அப்படிப்பட்ட நாடு வந்தவரை ‘வந்தவர்’ என்று குறை சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். 1993இல் அந்த நாட்டின் விளையாட்டு நிர்வாகம் வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டத்தைத் தொடங்கி, திறமையான ஆட்டக்காரர்களை வரவழைத்து, பயிற்சியளித்து, குடியுரிமைக்கு வழிகாட்டியது. ஃபெங் தியன்வெய் அப்படி வந்தவர். ஹார்பின் நகரில் 1986இல் பிறந்து, 2007இல் சிங்கப்பூருக்கு வந்து, 2008 தொடக்கத்தில் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு வெள்ளி வென்றார். 2010இல் மாஸ்கோவில் நடந்த உலகக் குழுப் போட்டியின் இறுதியில் சீனாவையே வீழ்த்திய சிங்கப்பூர் அணியில் இருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒற்றையரிலும் குழுவிலும் வெண்கலம். சிங்கப்பூரின் வரலாற்றில் அவரளவு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றவர் வேறு எவரும் இல்லை. ஆயினும், 2016இல் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பின்னுக்குத் தள்ளி 50.39 வினாடிகளில் தங்கம் வென்ற ஜோசஃப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்த வெள்ளம் போன்ற வரவேற்பில் சிறு பங்கும் அவருக்குக் கிடைத்ததில்லை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதற்குக் காரணம் என்று சொன்னால், அந்நாட்களில் சிங்கப்பூர்க்காரர்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கவில்லை என்றே பொருள்.

அப்படியானால் வேறு எது காரணம்? முதலில் மனத்தில் தோன்றும் விடைகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம். பிறந்த இடமா? 1960இல் முதல் பதக்கம் பெற்ற டான் ஹவ் லியாங்கும் சீனாவில்தான் பிறந்தார். தென்சீனக் கரையிலுள்ள சுவாத்தோவிலிருந்து சிறு குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர் அவர். அவரை வெளிநாட்டவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. இனமா? சிங்கப்பூர் மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீன இனத்தவர். ஃபெங்கும் அதே இனத்தவர். ஸ்கூலிங்கோ யூரேசியர், அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியினர், ஆங்கிலேயக் குடும்பப் பெயர் கொண்டவர். அவருடைய முகத்தைப் பார்த்து ‘இவர் நம் ஊர்க்காரர்தானா’ என்று ஐயுற்றவர்கள்கூட உண்டு. ஆகவே இரத்த உறவைத் தேடும் மனம் என்று இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வசிப்பிடமா? ஸ்கூலிங் பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், முதலில் ஃபுளோரிடாவிலும் பிறகு டெக்சாஸிலும் பயின்றவர். ஃபெங் நாள்தோறும் பயிற்சி பெற்றதோ சிங்கப்பூரில். தியாகமா? சீனாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்துதான் ஃபெங் சிங்கப்பூரர் ஆனார். அளந்து பார்க்கக்கூடிய எந்த அளவுகோலும் விடை தரவில்லை.

இங்கே அலெக்சாண்டர் டூரிச் என்ற கால்பந்து வீரரின் கதை உதவுகிறது. பழைய யூகோஸ்லாவியாவின் போஸ்னியாவில் 1970இல் பிறந்த இவர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகத் துடுப்புப் படகு செலுத்தியவர். பிழைப்புக்காகப் பல நாடுகளில் கால்பந்து ஆடி, 1999 அளவில் சிங்கப்பூர்க் கழகங்களுக்கு வந்து, அங்கேயே குடும்பத்துடன் தங்கிவிட்டார். 2007இல் குடியுரிமை பெற்று, மற்றவர்கள் ஓய்வு பெறும் 37 வயதில், தஜிகிஸ்தானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அறிமுகமாகி, இரண்டு கோல்களும் அடித்தார். சிங்கப்பூரர்கள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். முகத்தில் எந்த ஒற்றுமையும் இல்லாத இந்த ஐரோப்பியரை நம்மவர் என்று ஏற்ற அதே மக்கள்தான், தங்களில் பலர் பேசும் சீன மொழியையே பேசக்கூடிய ஃபெங்கை ஏற்கத் தயங்கினார்கள்.

என் கணிப்பில், மக்கள் பார்ப்பது வரிசையை. முதலில் வாழ வந்து பிறகு ஆடினாரா, முதலில் ஆட வந்து பிறகு வாழ்ந்தாரா என்பதே கேள்வி. டான் ஹவ் லியாங்கின் வாழ்வு முதலில் வந்தது, பளு பிறகு வந்தது. டூரிச் ஆட்டக்காரராகத்தான் வந்தார் என்றாலும், தேசிய அணிக்கு வருவதற்கு முன்னால் எட்டு ஆண்டுகள் உள்ளூர்த் திடல்களில், சில நூறு பேர் மட்டும் பார்க்கும் ஆட்டங்களில் வியர்வை சிந்தியவர். ஃபெங் வந்தது 2007இல், பதக்கம் 2008இல். அவருடைய வாழ்வைப் பார்ப்பதற்கு முன்பே ஊர் அவருடைய பதக்கத்தைப் பார்த்துவிட்டது. ஸ்கூலிங் எங்கே நீந்தக் கற்றார் என்பதை யாரும் பொருட்படுத்தாததற்கும் இதுவே காரணம். பிறப்பு, குழந்தைப் பருவம், தொடக்கப்பள்ளி, சிங்லிஷ் எனப்படும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம், வீட்டாரின் கதைகள் எல்லாம் முன்பே இருந்தன. சிங்கப்பூரில் இந்த வரிசைக்குத் தெளிவான ஓர் அடையாளம்கூட உண்டு. 1967 முதல் ஆண்களுக்குக் கட்டாயமாக இருக்கும் தேசிய சேவைதான் அது. இரண்டு ஆண்டுகள் படைவீரராக இருந்துவிட்டு வந்த உள்ளூர் இளைஞருக்கு, வளர்ந்த வயதில் குடியுரிமை பெற்றுச் சேவையிலிருந்து விலக்கும் பெறும் ஒருவரைப் பார்த்தால் மனக்கசப்பு எழுவது இயல்பே. பெண்களுக்கு அந்தக் கடமை இல்லை என்பதால் ஃபெங்குக்கு இது பொருந்தாது. ஆனால் கசப்புக்கு அத்தகைய நுணுக்கமெல்லாம் தெரிவதில்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டில் சுமார் 40 இலட்சமாக இருந்த சிங்கப்பூரின் மக்கள்தொகை 2010இல் 50 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடியதில் பெரும்பகுதி குடியேற்றத்தால் வந்தது. ரயிலில் நிற்க இடமில்லை, வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டு விலை ஏறுகிறது, வேலைக்குப் போட்டி கூடுகிறது என்ற குறைகள் வளர்ந்து, 2011 பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விழுக்காடு, விடுதலைக்குப் பின் கண்டிராத அளவுக்கு, 60.1 ஆகச் சரிந்தது. மக்கள்தொகை 2030இல் 69 இலட்சம் வரை போகலாம் என்ற அரசின் 2013ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையை எதிர்த்து, போராட்டம் என்பதே அரிதான அந்த நகரில் ஆயிரக்கணக்கானோர் ஹாங் லிம் பூங்காவில் கூடினார்கள். லண்டனில் ஃபெங் வெண்கலம் வென்றது இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில். ரயில் நெரிசலுக்கு முகம் கிடையாது, குடியேற்றக் கொள்கைக்கும் முகம் கிடையாது. தொலைக்காட்சியில் மட்டையுடன் நிற்கும் வீராங்கனைக்கு முகம் உண்டு. கோபம் அந்த முகத்தின் மேல் படிந்தது. இதில் அவருக்குச் செய்யப்பட்ட அநீதி கண்கூடு. பதக்கத்தை அளவுகோலாக்கி ஆள் தேர்ந்தெடுத்தது அரசின் திட்டம். ‘பதக்கத்துக்காக வந்தவர்’ என்ற பழியைச் சுமந்தது வீராங்கனை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஐயமெல்லாம் எழுவதில்லை என்பதையும் கவனிக்கலாம். 2018இல் கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா ஃபெங்கை இருமுறை தோற்கடித்தபோது, சிங்கப்பூர் வீராங்கனையை இந்தியப் பெண் வென்றார் என்றுதான் இங்கே பேசிக்கொண்டோமே தவிர, அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. தேசிய அடையாளத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. தமிழ்நாட்டு ரசிகர்கள் தங்கள் பங்குக்கு ராபின் சிங்கை நினைத்துப் பார்க்கலாம். டிரினிடாட்டில் 1963இல் பிறந்து, படிப்பதற்காகச் சென்னைக்கு வந்து, தமிழ்நாட்டு அணிக்காக ஆடி, 1987–88இல் ரஞ்சிக் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்று, 1989இல் இந்தியக் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகவே இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடியவர் அவர். அவருடைய குடியுரிமை என்றைக்காவது நமக்கு ஒரு கேள்வியாக இருந்திருக்கிறதா? முன்னோர் இந்தியர் என்பது ஒரு காரணம்தான். என்றாலும் சேப்பாக்கத்தில் பல ஆண்டுகள் பந்தைத் துரத்திய பிறகே அவர் நீலச் சட்டை அணிந்தார் என்ற வரிசையும் அதில் அடங்கியிருக்கிறது.

ஜப்பானிலும் இதே வரிசை வேலை செய்வதைக் காணலாம். அதுவும் இரத்த வழியையே குடியுரிமையின் அடிப்படையாகக் கொண்ட ஒரு நாட்டில். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்த மைக்கேல் லீச் 15 வயதில் சப்போரோ நகருக்கு மாணவராக வந்தார். உயர்நிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் இரண்டையும் ஜப்பானிலேயே முடித்து, 2013இல் குடியுரிமை பெற்றார். அவர் தலைமை தாங்கிய ரக்பி அணி 2015 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 34–32 என்று வென்று விளையாட்டு உலகைத் திகைக்கவைத்தது. 2019இல் ஜப்பானிலேயே நடந்த உலகக் கோப்பையில் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று காலிறுதிக்குப் போன அணியில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்த அணியின் முழக்கமான ‘ஒன் டீம்’ என்பதே அவ்வாண்டு ஜப்பானில் ஆண்டின் சிறந்த வழக்குச் சொல்லாகத் தேர்வு பெற்றது. அந்த ஒரு மாதத்தில் ஜப்பானின் குடியுரிமைச் சட்டம் ஓர் எழுத்தும் மாறிவிடவில்லை. ‘ஜப்பானியர்’ என்றதும் மக்கள் கண்முன் வரும் முகங்கள் மட்டும் சற்றே கூடின.

ஆனால் இந்த வரிசைக் கணக்கை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்கிவிடக் கூடாது. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் பிறந்து வளர்ந்த மெசூட் ஓசிலுக்கு வாழ்வு, ஆட்டம் என்ற வரிசையில் எந்தக் குறையும் இல்லை. துருக்கியிலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த அவர், 2014இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியில் ஆடியவர். 2018இல் துருக்கி அதிபர் எர்டோகனுடன் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படமும், அதையடுத்து வந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் சேர்ந்து, அவரைத் தேசிய அணியிலிருந்தே விலகவைத்தன. ‘வென்றால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி’ என்ற பொருளில் அவர் அப்போது எழுதிய சொற்கள் உலகெங்கும் மேற்கோளாயின. வந்தவர்களை ஊர் ஏற்பது நிரந்தரப் பத்திரமாக அல்லாமல், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமம்போல இருக்கக்கூடும் என்பதை ஓசிலின் கதையில் பார்க்கிறோம். உள்ளூரில் பிறந்து வளர்ந்த பெரும்பான்மை இனத்தவர் தோற்றால் அவரை மோசமான ஆட்டக்காரர் என்பார்கள். அவருடைய குடியுரிமையை யாரும் கிண்டிப் பார்ப்பதில்லை.

ஃபெங்கின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ரியோ ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில், 2016 அக்டோபரில், சிங்கப்பூர் மேசைப்பந்துச் சங்கம் அவரைத் தன் அணியிலிருந்து விடுவித்தது. பதக்கத்துக்காக வந்தவர் என்ற கணிப்பு சரியாக இருந்திருந்தால், அவர் அத்தோடு ஒதுங்கியிருக்க வேண்டும். அவரோ தொடர்ந்து பயிற்சி செய்து, தொடர்ந்து சிங்கப்பூருக்காகவே ஆடினார். 2022இல் பர்மிங்ஹம் காமன்வெல்த் போட்டியில், 35 வயதில், ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளின் தலைசிறந்த விளையாட்டாளருக்கு அளிக்கப்படும் டேவிட் டிக்சன் விருதும் அவருக்கே கிடைத்தது. இம்முறை எழுந்த பாராட்டில் முணுமுணுப்பு வெகுவாகக் குறைந்திருந்தது என்பது என் பார்வை. 15 ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்துவிட்டால், பின்னால் வந்த வாழ்வும் முன்னால் வந்த பதக்கத்தைப் பிடித்துவிடுகிறது போலும். அந்த ஒற்றையர் இறுதியாட்டத்தில் அவரை எதிர்த்தவர் ஸெங் ஜியன். பெய்ஜிங்கைப் போலவே அன்றும் வலையின் இருபுறமும் சீனாவில் பிறந்தவர்களே நின்றார்கள்; இருவரின் சட்டையிலும் இருந்தது சிங்கப்பூர்க் கொடி.